கரூமா பாலத்துக்கு அந்தப் பக்கம்: வடக்கு உகாண்டாவில் ஆறு நாட்கள்

முதல் நாள்: கம்பாலாவிலிருந்து குலு

காலை 7 மணிக்குக் கம்பாலாவில் பஸ் ஏறினேன். குலு ஏறத்தாழ 330 கிலோமீட்டர். அண்ணன் நான்கு வருடமாக இந்த ஊரில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வந்த தங்கைக்கு ஏரியையும் யானையையும் காட்டலாம் என்று ஆசைப்பட்டான். நான் குலு என்றதும், "அங்கே போய் என்ன பார்க்கப் போகிறாய்?" என்று கேட்டான். ஒரு சாலையைப் பார்க்க வேண்டும் என்றேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது ஒரு பத்திரிகையில் வந்த படம் அது. அந்தி நேரம், செம்மண் சாலை, நூற்றுக்கணக்கான குழந்தைகள். ஒவ்வொருவர் தலையிலும் சுருட்டிய பாயோ போர்வையோ இருந்தது. கூட ஒரு பெரியவர்கூட இல்லை. இரவில் கடத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து தூங்குவதற்காக ஊருக்குள் நடந்து வருகிறார்கள் என்று கீழே எழுதியிருந்தது. என் வயதுப் பிள்ளைகள். இன்று நான் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். அந்தப் படம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

வழியில் லுவேரோ. சாலையோரம் அன்னாசிப் பழக் குவியல்கள். இந்த மண்ணில்தான் 1981 முதல் 1986 வரை, பின்னால் ஜனாதிபதியான முசேவெனியின் கெரில்லாப் படை அன்றைய அரசோடு போரிட்டது. அப்பா அம்மாவை இழந்த பிள்ளைகள் அந்தப் படையோடு ஒட்டிக்கொண்டார்கள். கையில் துப்பாக்கியும் கிடைத்தது. சுவாகிலியில் அவர்களைக் 'கடோகோ' என்றார்கள், பொடியன் என்று அர்த்தம். 1986 ஜனவரியில் கம்பாலாவைப் பிடித்த படையில் அந்தப் பொடியன்களும் இருந்தார்கள். உகாண்டாவின் குழந்தைப் போராளிகள் என்றதும் எல்லோரும் வடக்கைத்தான் சொல்கிறார்கள். லுவேரோவைத் தாண்டித்தான் வடக்கே போக வேண்டியிருக்கிறது.

தோற்ற படையில் வடக்கைச் சேர்ந்த அச்சோலி இனத்தவர் அதிகம். அவர்கள் வடக்கே ஓடினார்கள், புதிய படை துரத்திக்கொண்டு போனது, அங்கே கிளர்ச்சி மூண்டது. பல குழுக்கள் வந்து போன பிறகு நிலைத்தது ஒடெக் கிராமத்து ஜோசப் கோனியின் 'லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி', சுருக்கமாக எல்.ஆர்.ஏ. சொந்த ஜனங்களே ஆதரவு தராதபோது படைக்கு ஆள் சேர்க்க அந்த மனிதன் கண்டுபிடித்த வழி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போவது. அப்படிக் கொண்டுபோன பிள்ளைகள் இருபதாயிரத்துக்கும் மேல் என்று ஐ.நா. கணக்கிட்டது. அதற்கும் மேலே போகும் கணக்குகளும் உண்டு.

மதியம் கரூமா. பாலத்தின் கீழே நைல் நதி நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. சாலையில் பபூன் குரங்குகள் வாழைப்பழத் தோலுக்காகக் காத்திருக்கின்றன. பாலம் தாண்டியதும் வெயில் மாறுகிறது, மண் மாறுகிறது. ஜன்னல் பக்கம் திரும்பினால் பனை மரம்! நம்ம ஊர்ப் பனைதான், நடுவில் கொஞ்சம் தொந்தி போட்டிருக்கிறது, அவ்வளவுதான். போர்க் காலத்தில் கம்பாலாக்காரர்களுக்குக் 'கரூமாவுக்கு அந்தப் பக்கம்' என்றால் வேறு நாடு மாதிரி என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். இருபது வருடம் இந்தப் பக்கத்து ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் வாழ்க்கை அதன் போக்கில் நடந்தது.

இரண்டாம் நாள்: குலு, லக்கோர்

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா ஓய்வு பெற்ற ஆசிரியை. வயது 70 ஆகப் போகிறது. எல்லோரும் 'மேகோ' என்கிறார்கள், அம்மா என்று பொருள். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர் எனக்கு ஒரு போடா போடா ஓட்டுநரை ஏற்பாடு செய்தார். வாடகை மோட்டார் சைக்கிளுக்கு இங்கே அதுதான் பெயர். அவருக்கு 34 வயது, சாந்தமான முகம். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை.

"இவர் தூர தேசத்து லப்வோனி" என்று மேகோ என்னை அறிமுகப்படுத்தினார். லப்வோனி என்றால் ஆசிரியர். அவர் தலையை மட்டும் அசைத்தார். அதற்கப்புறம் நாள் முழுக்க என்னை 'மேடம்' என்றே கூப்பிட்டார்.

முதலில் பஸ் நிலையம். டயர்க் கடை, செல்போன் கடை, முட்டையைச் சப்பாத்தியில் சுருட்டித் தரும் 'ரோலெக்ஸ்' வண்டிகள். 2020இல் மாநகரமான ஊர், சாலைகள் நன்றாகவே இருக்கின்றன. ஓட்டுநர் ஒரு கடைத் திண்ணையைக் காட்டினார். "அந்த மூன்றாவது தூணுக்குக் கீழேதான் என் இடம். தாமதமாக வந்தால் வேறு யாராவது பிடித்துவிடுவார்கள். அதனால் நான்கு மணிக்கே கிளம்பிவிடுவேன்."

கிராமம் எட்டு கிலோமீட்டர் தள்ளி. அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது, கூட ஒன்பது வயதுத் தங்கை. மாலை நடை, இரவு திண்ணை, விடியலில் திரும்ப நடை, அப்புறம் பள்ளி. குலு, கிட்கும், பாடெர் ஊர்களுக்கு இப்படி வந்த பிள்ளைகள் 2004 வாக்கில் 40,000 பேர் வரை இருந்தார்கள். இருட்டில் வரும் பெண் பிள்ளைகளுக்குச் சாலையிலேயே வேறு ஆபத்துகளும் இருந்தன. அதைச் சொல்லும்போது அவர் தங்கையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2003 ஜூனில் கத்தோலிக்கப் பேராயர் ஜான் பாப்டிஸ்ட் ஒடாமாவும் மற்ற மதத் தலைவர்களும் தங்கள் படுக்கையை எடுத்துக்கொண்டு வந்து இந்தப் பிள்ளைகளோடு நான்கு இரவுகள் தெருவிலேயே படுத்தார்கள். அந்த வருடம் நவம்பரில் ஐ.நா. அதிகாரி யான் எக்லண்ட் இங்கே வந்து பார்த்துவிட்டு, உலகம் இவ்வளவு பெரிதாகக் கைவிட்ட துயரம் வேறில்லை என்ற பொருளில் பேசினார். போருக்கு அப்போது பதினேழு வயது ஆகியிருந்தது. அந்த நான்கு இரவுகளில் ஒன்றில் ஓட்டுநர் பேராயருக்குப் பக்கத்தில் படுத்தாராம். "குறட்டை விட்டார். அன்றைக்கு எங்களுக்குப் பயமே இல்லை."

மாலையில் ஊருக்கு வெளியே லக்கோர் மருத்துவமனைக்குப் போனோம். 1959இல் மிஷனரிகள் தொடங்கியது. இத்தாலி மருத்துவர் பியரோ கோர்த்தியும் கனடாவிலிருந்து வந்த அறுவை மருத்துவர் லூசில் டீஸ்டேலும் 1961இலிருந்து வாழ்நாள் முழுக்க இங்கேயே உழைத்தார்கள். அவர்கள் கல்லறை வளாகத்துக்குள் இருக்கிறது. பக்கத்திலேயே மேத்யூ லுக்விய்யாவின் கல்லறை. 2000இல் எபோலா பரவியபோது நோயாளிகளை விட்டு நகராமல் அந்த நோயிலேயே டிசம்பர் 5 அன்று இறந்த உள்ளூர் மருத்துவர்.

போர்க் காலத்தில் இந்த மருத்துவமனை தினமும் மாலையில் வாயிற்கதவைத் திறந்துவிடும். ஆயிரக்கணக்கான பிள்ளைகளும் தாய்மார்களும் உள்ளே வந்து தாழ்வாரத்திலும் முற்றத்திலும் படுப்பார்கள். நான் நின்ற முற்றத்தில் இப்போது ஒரு பாட்டி பேரனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பள்ளி முற்றத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. காலை வழிபாட்டுக்கு எங்கள் பிள்ளைகள் நிற்கும்போதே அது நிறைந்துவிடும். இங்கே படுத்தார்கள்.

மூன்றாம் நாள்: சந்தை

உடம்பு அசதி. சந்தைக்கு மட்டும் போனேன். மதியச் சாப்பாட்டில் 'மலக்வாங்' என்று ஒரு கீரை, எள்ளும் நிலக்கடலையும் அரைத்துச் சேர்த்தது. முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, நம்ம புளிச்சக்கீரை வகை. துவரையும் இங்கே விளைகிறது, 'லபேனா' என்கிறார்கள். ருசியாக இருந்தது, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

சந்தையில் ஷியா எண்ணெய் விற்கும் வரிசைக்குள் ஓட்டுநர் வரவில்லை, வெளியே நின்றார். இந்த ஊர்ச் சமையலுக்கும் பிறந்த குழந்தை உடம்புக்கும் அந்த எண்ணெய்தான், நமக்கு நல்லெண்ணெய் மாதிரி. பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளுக்கு எல்.ஆர்.ஏ. நெற்றியிலும் மார்பிலும் இதே எண்ணெயால் சிலுவை போட்டு, இனி நீ எங்கள் ஆள், ஓடினால் எண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்ப வைத்தது. "என் அம்மா சமையலில் இன்னும் அதைச் சேர்ப்பதில்லை" என்றார். இவரையும் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நான்காம் நாள்: அபோக்கே, பார்லோன்யோ

கார் வைத்துக்கொண்டு லிரா பக்கம் போனோம். அங்கே பேசும் லாங்கோ மொழி அச்சோலிக்கு நெருக்கம் என்பதால் ஓட்டுநரும் துணைக்கு வந்தார்.

அபோக்கே ஒரு சின்ன ஊர். புனித மரியன்னை பெண்கள் பள்ளி இன்றும் நடக்கிறது. வகுப்பு நேரம் என்பதால் உள்ளே போகக் கேட்கவில்லை. வாசலில் நின்றேன், ஒரு வகுப்பிலிருந்து எல்லாரும் சேர்ந்து எதையோ ஒப்பிக்கும் சத்தம் வந்தது.

1996 அக்டோபர் 9, உகாண்டாவின் சுதந்திர தினம். அன்று நள்ளிரவு தாண்டிய பிறகு எல்.ஆர்.ஏ. இந்தப் பள்ளிக்குள் புகுந்தது. விடுதியின் இரும்புக் கதவு திறக்கவில்லை, ஜன்னலைச் சுவரோடு பெயர்த்து உள்ளே போனார்கள். 139 மாணவிகளைக் கயிற்றில் கட்டி நடத்திச் சென்றார்கள்.

விடிந்ததும் துணைத் தலைமையாசிரியை சிஸ்டர் ரக்கேலே ஃபசேரா கிளம்பினார். இத்தாலிக்காரர். பள்ளியில் வேலை பார்த்த இளம் ஆசிரியர் ஜான் போஸ்கோ ஒசென், "பிள்ளைகளுக்காகச் சாகப் போவோம்" என்று கூடப் போனார். ராணுவம் இல்லை, ஆயுதம் இல்லை. புல் மிதிபட்ட தடத்தையும், கொள்ளையடித்த மிட்டாய்களின் தாள்களையும் பார்த்துப் பார்த்துக் காட்டுக்குள் நடந்தார்கள். கடைசியில் படையைப் பிடித்துவிட்டார்கள். அதன் தலைவன் குச்சியால் மண்ணில் எழுதிக் காட்டினான்: மொத்தம் 139. உனக்கு 109. எனக்கு 30.

சிஸ்டர் மண்டியிட்டுக் கெஞ்சினார், என்னை வைத்துக்கொள் என்றார். நடக்கவில்லை. முப்பது பேரைப் பின்னால் விட்டுவிட்டு 109 பிள்ளைகளோடு திரும்பி நடந்தார்.

நான் தினமும் வருகைப் பதிவேட்டோடு வகுப்புக்குள் போகிறவள். மண்ணில் எழுதிய அந்தக் கழித்தல் கணக்கு என்னால் தாங்க முடியாததாக இருக்கிறது. பள்ளி வாசலில் நின்றபோது என் வகுப்புப் பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 109 பேரைக் கூட்டிக்கொண்டு எப்படி நடக்க முடியும்? திரும்பிப் பார்க்காமல் எப்படி இருக்க முடியும்?

அந்த முப்பது பேரில் சிலர் காட்டிலேயே இறந்தார்கள். மற்றவர்கள் தளபதிகளுக்கு 'மனைவி' ஆக்கப்பட்டு, ஒவ்வொருவராகத் தப்பி வந்தார்கள். கடைசிப் பெண் வந்து சேர்ந்தது 2009இல். பதின்மூன்று வருடம்.

பெற்றோர்கள் ஒன்று சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். அதில் ஆஞ்சலினா அத்யம் ஒரு மருத்துவச்சி. அவர் மகள் ஷார்லட் அந்த முப்பதில் ஒருத்தி. வாயை மூடினால் உன் மகளை மட்டும் விடுகிறோம் என்று செய்தி வந்தது. எல்லாப் பிள்ளைகளையும் விட்டால்தான் என்று மறுத்துவிட்டார். 1998இல் ஐ.நா. மனித உரிமை விருது அவருக்குக் கிடைத்தது. மகள் கிடைத்தது 2004இல். அந்த ஆறு வருடம் அந்த வீட்டில் சோறு எப்படி இறங்கியிருக்கும்?

அங்கிருந்து லிரா போய், வடக்கே 26 கிலோமீட்டர் உள்ளே, பார்லோன்யோ. மா மரங்கள், நீளமான சிமென்ட் கல்லறைகள், ஒரு நினைவுத் தூண். 2004 பிப்ரவரி 21 மாலை ஊரை விட்டு இடம்பெயர்ந்தவர்கள் இருந்த இங்குள்ள முகாமை எல்.ஆர்.ஏ. தாக்கியது. ஜனங்கள் குடிசைக்குள் ஒளிந்தார்கள், கூரை புல், தீ வைத்தார்கள். அரசு வைத்த கல்வெட்டில் இறந்தவர் 121. ஊர்க்காரர்கள் முந்நூறுக்கும் மேல் என்கிறார்கள். ஆய்வு செய்தவர்களின் கணக்கும் அதுதான். எங்களுக்கு வழி காட்டிய பெரியவர் கல்வெட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். "இந்த எண்ணை மாற்றச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டுவிட்டோம்."

எல்.ஆர்.ஏ. கொன்றது ஒரு பங்கு. பாதுகாப்பு என்று சொல்லி அரசு ஜனங்களை முகாம்களில் அடைத்தது இன்னொரு பங்கு. வடக்கில் 18 லட்சம் பேர் வரை முகாம்களில் இருந்தார்கள். தண்ணீர் இல்லை, கழிப்பிடம் இல்லை, வயல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் போக முடியாது. 2005இல் உகாண்டா சுகாதார அமைச்சும் உலக சுகாதார நிறுவனமும் எடுத்த கணக்கெடுப்பு, அச்சோலி நிலத்தில் மட்டும் வாரத்துக்கு 1,000 பேர் கூடுதலாகச் சாகிறார்கள் என்றது. மலேரியா, எய்ட்ஸ், பேதி. அதில் ஐந்து வயது தாண்டாத பிள்ளைகள் ஏராளம். பெரும்பாலும் துப்பாக்கிச் சத்தமே இல்லாமல் போனவர்கள் என்பதால் இவர்களுக்கு நினைவுத் தூண்கூட இல்லை.

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. ஓட்டுநர் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே பேச ஆரம்பித்தார்.

"மேடம், உங்களை ஏன் லப்வோனி என்று கூப்பிடவில்லை என்று மேகோ கோபப்பட்டார். காட்டில் தளபதிகளை அப்படித்தான் கூப்பிட வேண்டும். பெயர் சொல்லக் கூடாது. அடிக்கும்போதும், வேறு பிள்ளையை அடிக்கச் சொல்லும்போதும், 'சரி லப்வோனி' என்று சொல்ல வேண்டும். ஏழு மாதம். அப்புறம் ஹெலிகாப்டர் சுட்டபோது ஓடி வந்துவிட்டேன். பள்ளியில் சேர்த்தார்கள். ஆசிரியர் நல்ல மனிதர், வருகை எடுக்கும்போது 'உள்ளேன் லப்வோனி' என்று சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. ஒரு வருடம் முழுக்க என் பெயருக்கு நேரே வரவில்லை என்றே போட்டார்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

ஐந்தாம் நாள்: லுக்கோடி, ஒரு முட்டை

குலுவுக்கு வடக்கே லுக்கோடி. 2004 மே 19 அன்று இங்கே நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். தாக்கிய படைக்குத் தளபதி டொமினிக் ஒங்வென். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2021இல் 61 குற்றங்களில் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து, 25 வருடச் சிறை கொடுத்தது. ஒங்வென் பள்ளிக்குப் போகும் வழியில் ஒன்பது வயது வாக்கில் கடத்தப்பட்ட பிள்ளை. அதனால்தான் நீதிபதிகள் ஆயுள் தண்டனை வரை போகவில்லை. பாதிக்கப்பட்ட 49,772 பேருக்குத் தலைக்கு 750 யூரோ தர வேண்டும் என்று 2024இல் உத்தரவானது. ஒங்வென்னிடம் பணம் இல்லை, நிதி திரட்டித்தான் கொடுக்க வேண்டும்.

பேரன் வயதுப் பிள்ளையை இழந்த ஒரு பாட்டியிடம் ஒங்வென் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. "அவன் சின்னப் பையனாக இருந்தபோது யாரும் தேடிப் போகவில்லை. பெரியவன் ஆனதும் உலகமே தேடியது" என்றார். அதே மூச்சில், "அவன் இங்கே வரக் கூடாது" என்றும் சொன்னார். இரண்டும் அவருக்கு உண்மை, எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சாயங்காலம் மேகோவின் முற்றத்தில் நெருப்பு மூட்டி உட்கார்ந்தோம். அச்சோலி வீடுகளில் இரவில் நெருப்பைச் சுற்றி அமர்ந்து பிள்ளைகளுக்குக் கதை சொல்வதற்கு 'வாங் ஊ' என்று பெயர். முகாம்களில் அது நின்றுபோனது, கதை கேட்காமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது என்பது மேகோவின் பெரிய ஆதங்கம்.

பிள்ளைகள் எப்படி வீடு திரும்பினார்கள் என்று கேட்டேன். 2000இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. குலுவின் மெகா எஃப்.எம். வானொலியில் 'ட்வோக் சென் பாச்சோ' என்று ஒரு நிகழ்ச்சி, வீட்டுக்குத் திரும்பி வா என்று பொருள். தப்பி வந்தவர்களே அதில் பேசுவார்கள்: நான் உயிரோடு இருக்கிறேன், ராணுவம் என்னைக் கொல்லவில்லை, நீயும் வா. காட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் ரகசியமாகக் கேட்டார்கள்.

அப்புறம் முட்டை. காட்டிலிருந்து வந்தவர் வீட்டுக்குள் நுழையும் முன் வாசலில் ஒரு பச்சை முட்டையை மிதிக்க வேண்டும். அதை ஒபோபோ என்ற மரக்கிளை மேல் வைத்திருப்பார்கள், பட்டை சோப்பு மாதிரி வழவழக்கும், அழுக்குப் போக்கும். பக்கத்தில் லாயிபி, குதிரின் மூடியை முட்டுக்கொடுத்துத் திறக்கும் கம்பு. "முட்டைக்கு வாய் இல்லை, யாரைப் பற்றியும் தப்பாகப் பேசாது. லாயிபி எதற்கென்றால், குதிர் திறந்திருக்கிறது, மறுபடி ஒரே குதிரிலிருந்து சாப்பிடுவோம் என்பதற்கு" என்று மேகோ விளக்கினார்.

"நானும் மிதித்தேன்" என்றார் ஓட்டுநர். "கால் பிசுபிசுத்தது. அம்மா கழுவிவிட்டாள்."

எல்லோருக்கும் குதிர் திறக்கவில்லை. காட்டில் பிள்ளை பெற்று வந்த பெண்கள் மேகோவுக்குப் பலரைத் தெரியும். இங்கே நிலம் அப்பா வழியில்தான் வரும். அப்பா யார் என்று சொல்ல முடியாத, அல்லது சொல்லக் கூடாத பிள்ளைக்குக் குலம் இல்லை, நிலமும் இல்லை. பள்ளியில் 'கோனியின் பிள்ளை' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தப் பெண்கள் சேர்ந்து 2014இல் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். தீர்மானமும் நிறைவேறியது. மேகோ தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பெண்ணின் மகனுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. வீடு கட்ட ஒரு துண்டு மண் இன்னும் இல்லை.

ஆறாம் நாள்: திரும்புதல்

பஸ் ஒன்பது மணிக்கு. ஓட்டுநர் ஏழு மணிக்கே வந்தார், பின் சீட்டில் எட்டு வயது மகள், நீலச் சீருடை, முதுகில் பை. முதலில் அவளைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே வண்டியில் போனோம், நான் கடைசியில், அவள் நடுவில்.

சாலை முழுக்கப் பிள்ளைகள். காலை வெயிலில் செம்மண் புழுதி கிளப்பிக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு, மாங்காய் கடித்துக்கொண்டு. இதே சாலையா என்று கேட்டேன். "இதேதான்" என்றார்.

பள்ளி வாசலில் ஓர் இளம் ஆசிரியை நின்றிருந்தார். குழந்தை குதித்து இறங்கி, "அப்வோயோ லப்வோனி!" (வணக்கம்) என்று கத்திக்கொண்டே ஓடினாள். அப்புறம் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்து எனக்கும் அதையே சொன்னாள். முந்தின இரவு மேகோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஓட்டுநர் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கரூமா தாண்டி பஸ் ப்வெயாலேயில் நின்றது. இங்கே கிர்யாண்டொங்கோ அகதிக் குடியிருப்பு இருக்கிறது. 2013 இறுதியில் தெற்கு சூடானில் மூண்ட போரிலிருந்து வந்தவர்கள், இப்போது 2023 முதல் சூடானிலிருந்து வருகிறவர்கள். தண்ணீர்க் குழாயடியில் மஞ்சள் கேன்களின் நீண்ட வரிசை, ஒவ்வொரு கேனுக்குப் பின்னாலும் ஒரு குழந்தை. ஜன்னல் வழியே ஒரு சிறுமி கேனின் மேல் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தது தெரிந்தது. வரிசை நகர்ந்தபோது எழுந்து கேனைக் காலால் தள்ளிவிட்டு, மறுபடி உட்கார்ந்து எழுதினாள்.